எளிய கிராமிய வாழ்வும் நீடித்த ஆயுளும்

ஆலயத்தில் அர்ச்சனைக்கு நின்று பெயரும் நட்சத்திரமும் சொல்லும் அடியவருக்காகக் குருக்கள் செய்யும் சங்கற்பத்தில், செல்வத்துக்கு முன்னதாக வேண்டப்படுவன ஆயுளும் ஆரோக்கியமுமே ஆகும். அறுபது வயது நிறையும்போது சஷ்டியப்தபூர்த்தி, ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் என ஆயுளைக் கொண்டாடும் சடங்குகளும் எம்மவரிடையே உண்டு. திருக்குறளின் 95ஆவது அதிகாரத்துக்கு வள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்டார். ஆயினும் அதன் பெரும்பகுதியில் அவர் பேசுவது மருந்தைப் பற்றியன்று, உணவின் அளவைப் பற்றியே. உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்டு பேணிய திருமூலரும் இதே வழியினர்தான். ஆகவே உடல்நலத்தைப் பற்றி ஓர் ஆலய மலரில் எழுதுவது புறம்பான விடயமன்று.

"அந்தக் காலத்து மனிசர் நூறு வயது வரைக்கும் கல்லுப்போல இருந்தவை" என்ற பேச்சைக் கிராமங்களிற் கேளாதவர் இல்லை. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை முதலிலே பார்த்துவிடுவது நல்லது. இலங்கையில் 1946ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பிள்ளை வாழக்கூடிய சராசரி ஆயுட்காலம் ஆணுக்கு ஏறத்தாழ 44 வருடங்களாகவும் பெண்ணுக்கு ஏறத்தாழ 42 வருடங்களாகவுமே கணிக்கப்பட்டிருந்தது. பெண்ணின் ஆயுள் ஆணினதைவிடக் குறைவாக இருந்தமைக்குப் பிள்ளைப்பேற்றின்போது நிகழ்ந்த மரணங்கள் ஒரு முக்கிய காரணம். மலேரியா ஒருபுறம், சிசு மரணம் மறுபுறம். டி.டி.ரீ. மருந்து தெளித்து நுளம்பை ஒழிக்கத் தொடங்கியதும், மருத்துவ வசதிகள் பெருகியதும், அடுத்த ஆண்டாகிய 1947இலேயே அந்தக் கணிப்பு ஐம்பது வயதைத் தாண்டியது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று பெண்களே ஆண்களைவிடக் கூடிய காலம் வாழ்கின்றனர்.

எனவே, அந்தக் காலத்தில் எல்லோரும் நீண்டநாள் வாழவில்லை. தொட்டிலிலும் காய்ச்சலிலும் பிரசவத்திலும் தப்பியவர்களையே நாம் பேரன் பேத்தி கண்ட கிழவர் கிழவிகளாக நினைவில் வைத்திருக்கிறோம். தப்பாதவர்களை நினைப்பார் இல்லை. இலவச வைத்தியசாலையும் தடுப்பூசியும் மருத்துவமாதும் தந்த ஆயுளைக் கிராமக் காற்று தந்தது என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும்.

அப்படியானால் கிராமிய வாழ்வு தருவது என்ன? நாற்பது வயதுக்கு மேல் மனிதரைப் பற்றும் நோய்களில்தான் அதன் பயன் தெரிகிறது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம் என்னும் இவை நுளம்பாலோ கிருமியாலோ வருவனவல்ல. நாள்தோறும் உண்பது, நடப்பது, உறங்குவது, கவலைப்படுவது ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையவை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்கு நீங்கலாக இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் நூற்றுக்கு 16 பேருக்கும், கிராமவாசிகளில் நூற்றுக்கு 9 பேரளவிலும் நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. கிராமத்துக்கு அனுகூலம் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் நூற்றுக்கு ஒன்பது என்பதும் சிறிய தொகையல்ல.

இதை ஆராயப் புறப்பட்டோர் சிலர் ஏமாந்ததும் உண்டு. தென்னமெரிக்காவில் எக்குவடோர் நாட்டின் மலைப்பள்ளத்தாக்கில் வில்கபம்பா என்றொரு கிராமம் இருக்கிறது. 1970இல் அங்கு சென்ற அமெரிக்க வைத்தியர் அலெக்சாண்டர் லீஃப், நூறு வயதைக் கடந்தவர்கள் பலர் அங்கு வாழ்வதாக 1973இல் எழுதினார். உலகமே அதிசயித்தது. பின்னர் வந்த ஆய்வாளர் தேவாலயத்திலிருந்த ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, நூறைக் கடந்ததாகச் சொன்ன ஒருவர்கூட உண்மையில் நூறை எட்டவில்லை என்பதும், மூத்தவருக்கே 96 வயதுதான் என்பதும் வெளியாயின. வயது ஏற ஏற, மதிப்புக் கருதி வருடங்களைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் அங்கு இருந்திருக்கிறது. பதிவேட்டைப் பார்க்காமல் வயதை எழுதுவோருக்கு இது ஒரு பாடம். ஆயினும் அக்கிராமத்து முதியோர் எண்பது, தொண்ணூறு வயதிலும் மலைச்சரிவில் ஏறி இறங்கித் தோட்டவேலை செய்தனர் என்பது பொய்யன்று.

ஒக்கினாவா சொல்லும் செய்தி

இவ்விடயத்தில் மிகக் கூடுதலாக ஆராயப்பட்ட இடம் யப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுகள் எனலாம். மக்கோட்டோ சுசுக்கி என்னும் இருதய வைத்தியர் 1975இல் அங்குள்ள நூறு வயதினரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீவின் வடபகுதியிலுள்ள ஒகிமி என்னும் கிராமம் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது. 1945ஆம் ஆண்டுப் போரில் ஒக்கினாவாவின் குடும்பப் பதிவேடுகள் பல எரிந்து போனமையால், நூறைக் கடந்தவர்களின் வயது பற்றி இன்றும் சிலர் ஐயம் எழுப்புகின்றனர். ஆனால் முதியோரிடையே மாரடைப்பும் பாரிசவாதமும் யப்பானின் ஏனைய பகுதிகளைவிடக் குறைவாக இருந்தமை வைத்தியப் பதிவுகளிற் கண்டதாகும்.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதே எம்மவர் முதலிற் கேட்கும் கேள்வியாக இருக்கும். வற்றாளைக் கிழங்கு! 1949ஆம் ஆண்டளவில் ஒக்கினாவா மக்கள் உண்ட உணவின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வற்றாளையிலிருந்தே கிடைத்தது. அரிசி சிறிதளவு, சோயா அவரை, கடற்பாசி, பாகற்காய், கீரை வகைகள். மீன் கொஞ்சம், இறைச்சி விசேட நாட்களில் மட்டும். நாளொன்றுக்கு ஒருவர் உட்கொண்டது ஏறத்தாழ 1800 கலோரி. இது அவர்கள் விரும்பித் தெரிந்தெடுத்த பத்தியம் அன்று. அரிசி வாங்க வசதியற்ற ஏழை மக்களின் சாப்பாடு அது. உண்ணும்போது வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்ற முன்னோர் வார்த்தையைச் சாப்பிடுமுன் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

அடுத்தது வேலை. ஒகிமிக் கிராமத்தில் வாழை நாரிலிருந்து நூலெடுத்து நெய்யப்படும் துணி புகழ்பெற்றது. அந்த நாரை வகிர்ந்து முடிந்து நூலாக்கும் பொறுமையான வேலையை வயது முதிர்ந்த பெண்களே செய்துவந்தனர். பனையோலையை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆச்சிமாரை நினைத்தால் அக்காட்சி கண்முன் வரும். வீட்டில் கதிரை இல்லை. தரையிற் பாயிலிருந்து நாளுக்குப் பலதடவை எழும்பி இருந்தமையால், கால்களின் பலம் முதுமையிலும் குன்றவில்லை. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதே பலருடைய படுக்கைக்குக் காரணம் என்பது யாவரும் அறிந்ததே.

மூன்றாவது, 'மோஆய்' எனப்படும் வழக்கம். இதற்குச் சரியான தமிழ்ச்சொல் சீட்டு என்பதுதான். அயலவர் சிலர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, தேவைப்பட்டவர் முறைப்படி எடுப்பர். எம்மவர் சீட்டிலே காசோடு விடயம் முடிந்துவிடும். அவர்களுடையதில், சிறுவயதிற் சேர்ந்த அதே ஐந்தாறு பேர் தொண்ணூறு வயதிலும் மாதம் தவறாமற் கூடித் தேநீர் அருந்திக் கதைப்பர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பர். மூதாதையர் வழிபாடும், கிராமத்துக் கிரியைகளைப் பெண்களே முன்னின்று நடத்துவதும் அத்தீவின் மரபுகள். ஆதலால் வயோதிபப் பெண்ணுக்கு அங்கு வேலையும் உண்டு, மதிப்பும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவர்கள் கவலையற்ற மனிதரல்லர். 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் யூன் வரை அத்தீவில் நடந்த போரில் மிகப் பெருந்தொகையான பொதுமக்கள் மாண்டனர். நாற்பது வயதுக்குள் பிள்ளையை, கணவனை, வீட்டை, நிலத்தைப் பறிகொடுத்து, முகாமில் வாழ்ந்து, அந்நியர் ஆட்சியின் கீழ் 1972 வரை இருந்தவர்களே பின்னாளில் தொண்ணூறைக் கடந்தனர். மனஅழுத்தம் குறைந்த வாழ்வு என்றால் துன்பம் இல்லாத வாழ்வு என்று பொருளல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அதே தீவின் பிற்காலக் கதை வருத்தத்துக்குரியது. அமெரிக்கப் படைமுகாம்களோடு மோட்டார் வாகனமும், தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சியும், துரித உணவுக் கடைகளும் வந்தன. வற்றாளை இருந்த இடத்தில் வெள்ளையரிசியும் பொரியலும் அமர்ந்தன. 1995இல் ஆண்களின் ஆயுட்காலத்தில் யப்பானின் 47 மாகாணங்களுள் நான்காம் இடத்திலிருந்த ஒக்கினாவா, 2000ஆம் ஆண்டில் 26ஆம் இடத்துக்கும் 2020இல் 43ஆம் இடத்துக்கும் வீழ்ந்தது. நெடுங்காலம் முதலிடத்திலிருந்த பெண்களும் 2020இல் 16ஆம் இடத்துக்குச் சென்றனர். தொண்ணூறு வயதுத் தாய் தோட்டத்தில் நிற்க, அறுபது வயது மகன் மாரடைப்பால் இறந்தான். தீவு அதே தீவு. கடற்காற்றும் அதே காற்று. இரத்த உறவும் அதுவே. மாறியது அன்றாடப் பழக்கம் மட்டுமே. அதற்கு ஒரு தலைமுறைக் காலம் போதுமாயிருந்தது.

தோழமையும் இருதயமும்

உணவும் உழைப்பும் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டவும் இயலாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இத்தாலியக் குடியேறிகள் அமைத்த ரொசெற்றோ என்ற சிற்றூரைப் பற்றி 1960களில் ஸ்ருவேட் வூல்வ் என்னும் வைத்தியர் ஆராய்ந்தார். அவ்வூரார் கொழுப்பிலே பொரித்து உண்டனர், புகைபிடித்தனர், ஆண்கள் கற்குவாரியில் மாரடித்தனர். ஆயினும் 55 வயதுக்குட்பட்டோர் மாரடைப்பால் இறப்பது அங்கே அரிதாக இருந்தது. ஒரு மைலுக்கு அப்பாலிருந்த அயலூரான பாங்கரில் அதே தண்ணீரைக் குடித்து, அதே வைத்தியரிடம் சென்றவர்களுக்கு இந்த நன்மை கிட்டவில்லை.

வேறுபாடு என்னவென்று பார்த்தால், ரொசெற்றோவில் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்தது. பணமுள்ளவர் அதைக் காட்டிக்கொள்வது அங்கே வெட்கக்கேடாகக் கருதப்பட்டது. தேவாலயத் திருவிழாவுக்கு ஊரே கூடியது. பின்னர் செல்வம் பெருகிப் பெரிய வீடும் வேலியும் தனித்தனி வாழ்வும் வந்தபோது, அவ்வூரின் மாரடைப்பு வீதமும் அயலூரைப் போலவே ஆயிற்று. 1935 தொடக்கம் 1985 வரையான ஐம்பது ஆண்டு மரணப் பதிவுகளை இரு ஊர்களிலும் ஒப்பிட்ட ஆய்வு 1992இல் வெளிவந்தது.

இதற்கு உடற்றொழிலியற் காரணம் உண்டு. அச்சமும் கவலையும் வரும்போது உடலில் அதிரினலின், கோட்டிசோல் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இருதயம் விரைவாகத் துடிக்கும், குருதி அமுக்கம் ஏறும், ஈரல் சேமித்த சீனியைக் குருதியில் விடும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது வேண்டியதே. ஓடி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் கடன், வழக்கு, பிள்ளையின் விசா, அயலவன் கட்டிய மாடி என்னும் பாம்புகள் இரவும் பகலும் தலைமாட்டிலேயே கிடந்தால், அந்தச் சுரப்புகளுக்கு ஓய்வில்லை. நித்திரை கெடும். நித்திரை கெட்டால் பசியும் சீனியும் கட்டுப்பாட்டை மீறும். கவலையைப் பகிர ஒருவர் இருப்பது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையாவது அறுக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில்

மேற்சொன்னவற்றுள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமத்தவருக்குப் புதியது என்று எதுவும் இல்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மண்ணில், சுண்ணக்கல்லைத் தோண்டிக் கிணறு வெட்டித் தோட்டம் செய்த மக்கள் அவர்கள். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன், விடியப்புறமே இறைப்புத் தொடங்கிவிடும். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர், கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுபவர், மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுபவர் எனக் குறைந்தது மூவர் வேண்டும். துலா மிதித்தவர் வெயில் ஏறுமுன் நடந்த தூரத்தை இன்று எவரும் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்துவிட முடியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்குமாறு உலக சுகாதார நிறுவனம் இன்று வேண்டுகிறது. அந்த 150 நிமிடம் அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதுக்கே காணாது. பெண்கள் நெல் குத்தினர், மா இடித்தனர், தண்ணீர் அள்ளினர், ஆட்டுக்குக் குழை ஒடித்தனர்.

உணவைச் சொல்லவே வேண்டியதில்லை. காலையில் பழஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம். மதியம் மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டரிசியின் கைக்குத்தற் சோறு, ஒரு கீரை, ஒரு பருப்பு, கிடைத்தால் மீன். இரவில் குரக்கன் பிட்டு அல்லது ஒடியற்பிட்டு. தேநீருக்குச் சீனி கரைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வர். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கைப்பை நீக்கிக் காய்ச்சும் கூழிலே பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, மீன், நண்டு, இறால் என்று என்னென்னவோ சேரும். அதனைத் தனியே ஒருவர் காய்ச்சிக் குடித்ததாகச் சரித்திரம் இல்லை. அயலுக்கும் சொல்லி, முற்றத்தில் வட்டமாக இருந்து, பலாவிலையைக் கோலிக் குடிப்பதே கூழ். குரக்கனும் ஒடியலும் நார்ச்சத்து மிக்கவை. அவற்றின் மாச்சத்து மெதுவாகச் செரித்து மெதுவாகவே குருதியிற் சேரும். தீட்டிய வெள்ளையரிசியும் கோதுமை மாவும் அப்படியல்ல.

வேலி இருந்தது, வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால் கறிக்கிண்ணமும் வந்தது, நெருப்புக்கொள்ளியும் வந்தது, ஊர்ச்செய்தியும் வந்தது. மரணம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலவரே சமைத்துக் கொண்டுவந்து, வேண்டாம் என்பவரையும் வற்புறுத்தி உண்ணவைப்பர். எட்டு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாளும் யாராவது அந்த வீட்டுத் திண்ணையில் இருப்பர். துக்கத்தைத் தனியே சுமக்க விடாத ஏற்பாடு இது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஒரு வீட்டில் பல குடும்பங்களும் ஆலய மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் எண்ணற்றோரும் தாங்கப்பட்டது இந்தப் பழக்கத்தினாலேயே.

ஆனால் பழைமை அத்தனையும் நன்மை என்று சொல்வதற்கில்லை. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சப்பிய வாய்களிற் புற்றுநோய் வந்தது. பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று சர்வதேச ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதிசெய்தது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்பின் இருப்பிடங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்ட உப்பே போதுமானது. விறகடுப்பை ஊதி ஊதிப் பெண்களின் நெஞ்சு புகையால் நிறைந்தது. இன்னொன்றையும் மறைப்பது முறையல்ல. அக்காலக் கிராமம் எல்லோருக்கும் ஒரே கிராமமாக இருக்கவில்லை. தன் தோட்டத்துக்கு இறைத்தவருக்கும் பிறர் தோட்டத்தில் கூலிக்கு இறைத்தவருக்கும் துலா ஒன்றாக இருந்தாலும் வாழ்வு ஒன்றாக இருக்கவில்லை. கோயில் வாசல் சிலருக்கு அடைத்திருந்த காலமும் அதுவே. அவமானமும் மனஅழுத்தந்தான்.

இன்று துலா இல்லை. இறைப்பு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாற் போதும். சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். யூரியாவும் நெருக்கமான மலசலகூடக் குழிகளும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவைக் கூட்டியுள்ளதாக ஆய்வுகள் கூறுகின்றன. கிராமத்துத் தண்ணீர் என்பதால் நல்ல தண்ணீர் என்று நம்பியிருக்க முடியாது, பரிசோதித்தே அறிய வேண்டும். வெளிநாட்டுப் பணத்தால் வேலி மதிலாயிற்று. மதிலில் பொட்டு வைப்பார் இல்லை. மேல்மாடி கட்டிய வீட்டின் கீழ் அறையில் ஒரு தாய் மட்டும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை எத்தனையோ ஒழுங்கைகளில் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதற்குப் பின் அத்தொகை ஏறியே வந்துள்ளது. ஒக்கினாவாவில் நடந்தது இங்கேயும் நடந்துகொண்டிருக்கிறது. ஊர் இருக்கிறது, ஊரின் பழக்கம் போகிறது.

இந்நிலையில் கிராமத்தில் இன்னும் கலையாமல் நிற்கும் ஏற்பாடு ஆலயமே ஆகும். பொழுதுபடும் பூசைக்கு நடந்து வந்து மூன்று முறை வீதி வலம் வந்து திரும்பும் முதியவர், தம்மை அறியாமலே அன்றைய நடையை முடித்துவிடுகிறார். மோட்டார் சைக்கிளில் கோபுரவாசல் வரை வருபவருக்கு அந்தப் பலன் இல்லை. அங்கப்பிரதட்சணை, அடியழித்தல், விழுந்து வணங்கி எழுதல் என்பன தரையிலிருந்து எழும்பும் பலத்தைக் காப்பவை. மாலை கட்டுவோர், விளக்குத் துடைப்போர், மடப்பள்ளியில் காய் வெட்டுவோர் எல்லோருக்கும் எண்பது வயதிலும் "நாளைக்கு வரவேண்டும்" என்ற ஒரு கடமை இருக்கிறது. ஒகிமிப் பெண்களுக்கு வாழைநார் எதுவோ, இவர்களுக்குப் பூமாலை அதுவே.

2001ஆம் ஆண்டில் இத்தாலியில் நடந்த ஆய்வொன்று, செபமாலையையும் யோக மந்திரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவையளவில் நிதானப்படுவதையும், இருதயத்தின் இயக்கம் அதனோடு ஒத்திசைவதையும் கண்டது. பஞ்சாக்கரம் செபிப்பதிலும் பண்ணோடு தேவாரம் ஓதுவதிலும் மூச்சு நீள்வதை ஓதுவோர் தாமே உணரலாம்.

புராணபடனத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, சுற்றியிருப்போர் பிழை பிடிக்கக் காத்திருக்கும் கந்தபுராணப் படிப்பு யாழ்ப்பாணத்து ஆலயங்களின் தனிச்சிறப்பு. எழுபது வயதில் ஒரு செய்யுளுக்குப் பயன் சொல்ல ஆயத்தம் செய்பவரின் மூளைக்கு ஓய்வு ஏது? கேட்பதற்கு ஆட்கள் குறைந்துவிட்டனர் என்று சில ஆலயங்களில் இதை நிறுத்திவிட்டு ஒலிநாடாவையும் இறுவட்டையும் ஒலிபெருக்கியிற் போட்டனர். வாசிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர், கேட்க நால்வர் இருந்தாலும் படிப்பு நடக்கலாம். ஒலிபெருக்கி எவருடைய சுகத்தையும் விசாரிப்பதில்லை.

விரதங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். வெள்ளிக்கிழமையும் ஏகாதசியும் கந்தசஷ்டியும் இரைப்பைக்கு ஓய்வு தருவன என்பது உண்மையே. ஆனால் பகல் முழுதும் பட்டினி கிடந்து, இரவில் பாயாசமும் மோதகமும் வடையும் வயிறு முட்ட உண்பதில் அந்த ஓய்வு கெட்டுவிடும். அன்னதானத்திலும் பாயாசத்தை ஒரு சிறு கரண்டியளவாகக் குறைத்துக் கீரையை ஒரு கரண்டி கூட்டினால் அடியவர் எவரும் குறைசொல்லப் போவதில்லை.

இன்சுலின் ஊசி போடுவோரும் சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள் எடுப்போரும் வழமைபோல மருந்தை எடுத்துவிட்டு உண்ணாதிருந்தால், குருதியிலே சீனி அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்று ஆபத்தில் முடியலாம். விரதம் என்பதற்காகக் குருதி அமுக்க மாத்திரையைத் தாமாகவே ஆறு நாளும் நிறுத்திவிடுவோரும் உள்ளனர். அது பாரிசவாதத்தை வலிந்து அழைப்பதாகும். மிளகும் இளநீரும் மட்டும் கொண்டு சஷ்டி நோற்பது சிறுநீரக நோயுள்ளவருக்கு உகந்ததல்ல. ஒரு நேரம் பாலும் பழமும், அல்லது ஒரு நேரச் சோறு என்று உடல்நிலைக்கேற்ப நோற்கும் முறைகள் எம் மரபிலேயே இருக்கின்றன. மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடித்துவிட வேண்டும், விரதபங்கம் என்று தயங்கக்கூடாது. ஐப்பசியில் சஷ்டி தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோய், எந்த மருந்தை எந்நேரத்துக்கு மாற்றலாம், எதைக் குறைக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, அதை அக்கொப்பியிலேயே எழுதுவித்துக்கொண்டு வருவது நன்று.